மண்டபச் சுவரில் எங்கள் மலை

சுவரில் படம் வரைகிற தொழிலில் வரைகிறவன் ஏணி மேல் நிற்பான், அபிப்பிராயம் சொல்கிறவர்கள் எல்லோரும் கீழே நிற்பார்கள். அவன் இறங்கிப் போய்ப் பதில் சொல்வதற்குள் அவர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். நீங்கள் தையல்காரராக இருக்கலாம், கல்யாணச் சமையல்காரராக இருக்கலாம், கூரைக்குத் தகரம் போடுகிறவராக இருக்கலாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கை வேலை செய்கிற எவருக்கும் இந்த வேதனை தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பதுளை டவுனில் இருக்கிறேன். கடைப் பலகை, கோயில் வாகனம், முச்சக்கர வண்டியின் முதுகு, கல்யாண மேடைக்குத் திரை என்று எது கேட்டாலும் வரைவேன். பிழைப்புக்குக் குறை இல்லை. மனக்குறை ஒன்றுதான். கடை கைமாறினால் பலகை மாறுகிறது, வண்டியை விற்றால் அதன் முதுகு மாறுகிறது, மேடைத் திரையோ மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுவதற்குள் சுருட்டப்பட்டுவிடுகிறது. அப்பா வரைந்தது எது என்று மகள் கேட்டால் கூட்டிப் போய்க் காட்ட எனக்கு ஒரு சுவர் கிடையாது. சாவதற்குள் ஒரு படமாவது நான் வரைந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசை என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சுவர் கிடைத்த விதம்

என் கூட்டாளிகள் இரண்டு பேர். சிவநாதன் மாஸ்டர் பண்டாரவளையில் சித்திரம் படிப்பிக்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்காக மலைநாட்டுக்கு வந்து, இங்கத்திய குளிரைத் திட்டிக்கொண்டே இங்கேயே தங்கிவிட்டவர். நூல் பிடித்து அளக்காமல் ஒரு கோடு போடமாட்டார். நிலூகா பசறைப் பக்கத்துச் சிங்களப் பெண், துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற பத்திக் வேலைக்காரி. அளவு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. தூரிகை போகிற வழியில் அவரும் போவார். தமிழ் அரைகுறைதான், ஆனால் பேச வெட்கப்படமாட்டார். ஒருவர் அளந்துகொண்டே இருக்க, மற்றவர் அளக்காமல் ஓட, நடுவில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஊவா மலைகளை வரைந்து பதுளையில் ஒரு கண்காட்சி வைத்தோம். வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சனம் படத்தைத் தேடி வராது, சனம் போகிற பாதையில் நாம் போய் வரைவோம் என்று நிலூகா சொன்னார். அப்படித்தான் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்கிற மேல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் நீளச் சுவர் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று எல்லோரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் போக முடியாது.

தோட்டத்துத் தலைவர் காளிமுத்துவிடம் அனுமதி கேட்டோம். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். அவர் சுவரை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் கோயில், மண்டபம், சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயம் என்று எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். எங்கள் படத்துக்காக அந்த வழக்கத்தை மாற்றுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. "வரைங்க. சனங்களுக்குப் புடிச்சிருந்தா இருக்கட்டும். புடிக்கலேன்னா சுண்ணாம்பு வாளி எப்பவும் போல வரும், அப்ப நீங்க கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

பச்சை வாங்கப் போனேன்

மலைநாட்டை வரைய வேண்டுமென்றால் பச்சை வேண்டும். கொஞ்சமல்ல, வாளி வாளியாக வேண்டும். மாஸ்டர் மஞ்சளையும் நீலத்தையும் சின்னச் சின்னக் கோப்பைகளில் கலந்து, கொழுந்துக்கு ஒரு பச்சை, முற்றின இலைக்கு ஒரு பச்சை, நிழல் மரத்துக்கு ஒரு பச்சை என்று வரிசையாக அடுக்கி வைப்பார். நான் அவசரக்காரன். அடிப்படைப் பச்சையை டின்னாக வாங்கிக்கொண்டால் மேலே எப்படி வேண்டுமானாலும் கூட்டிக் குறைக்கலாம் என்று பதுளையில் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போனேன்.

இருக்கிற பச்சை எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். எங்கள் நாட்டில் நிறத்துக்கும் கட்சி உண்டு, பச்சைக்கும் ஒன்று உண்டு என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. முதலாளி டின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கடைசி டின்னை வைத்துவிட்டுக் கடை வாசலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, இரகசியமாக, கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்: "ஏன் தம்பி, எலெக்சன் அறிவிச்சிட்டாங்களா? எனக்கு யாருமே சொல்லலியே."

ஒரு சுவர், மூன்று மலை

மண்டபச் சுவரில் வருஷக்கணக்காக அப்பியிருந்த திருவிழாச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கவே பல நாள் போனது. மாஸ்டருக்கு லீவு கிடைக்கிற சனி, ஞாயிறுகளில்தான் வேலை. சுவரை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டோம். நடுவில் நமுனுகுல மலை, கீழே தேயிலை, இன்னும் கீழே கோயில் படி, ரோடு, ஆறு என்று பேச்சு. அவரவர் வீட்டில் வரைந்து வைத்திருந்த கோட்டுப்படத்தைக் கொண்டுவந்து அவரவர் பங்கில் ஏற்றினோம்.

ஏற்றி முடித்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தோம். நான் பதுளையிலிருந்து தெரிகிற மலையை வரைந்திருந்தேன். அது காலை நீட்டிப் படுத்திருக்கும். மாஸ்டர் பண்டாரவளையிலிருந்து பார்க்கிறவர். அவருடைய மலை தோளை நிமிர்த்தி நின்றது. நிலூகாவுடைய பசறை மலை பாதிக்கு மேல் சரிந்து கீழே இறங்கியது. ஒருவர் மலையின் முதுகு மற்றவர் மலையின் இடுப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. யாருடைய மலை சரி என்று சண்டை தொடங்கிவிட்டது. மாஸ்டர் நூலை எடுத்துவிட்டார். நான் பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்க்கிறேன் என்றேன். நானும்தான் பார்க்கிறேன் என்றார் நிலூகா. சரி, இந்தத் தோட்டத்திலிருந்து எப்படித் தெரிகிறதோ அதையே வரைவோம் என்று மூன்று பேரும் திரும்பி அண்ணாந்து பார்த்தோம். அங்கிருந்து மலை தெரியவே இல்லை. நாங்கள் நின்றதே மலை மேல்தான்.

கடைசியில் நிலூகாதான் வழி கண்டுபிடித்தார். மூன்று மலையும் முட்டிக்கொள்கிற இடங்களில் எல்லாம் மூட்டத்தை இறக்கிவிட்டார். காலை நேரத்தில் அங்கே நிஜமாகவே தவழ்கிற வெள்ளை மூட்டம்தான். அது வந்து மூடியதும் மூன்று மலையும் ஒரு மலைத்தொடராகிவிட்டது, நாங்களும் மறுபடி பேசிக்கொண்டோம். ஆனால் மூட்டம் இறங்குவதற்கு முன்பே தலைவர் வந்து பார்த்துவிட்டார். சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நிதானமாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "இருக்கிற ஒரு மலையில வேலை செய்யவே ஆள் பத்தல. நீங்க மூணு மலைய வச்சிருக்கீங்க, யாரு கொழுந்து எடுக்குறது?"

மொட்டை மலை

தோட்டத்தில் தேயிலை வளர்கிற சரிவுக்கும் மலை என்றுதான் பெயர். மண்டபத்துக்கு எதிரே இருந்த மலையை என் பங்கில் அப்படியே வரைந்தேன். நான் வரைந்த நேரம், அதில் கவ்வாத்து வெட்டி முடித்திருந்தார்கள். செடி நன்றாகத் தழைக்க வேண்டுமென்று சில வருஷத்துக்கு ஒருமுறை கொம்பு மட்டும் நிற்கும்படி வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. சரிவு முழுக்கப் பழுப்பு நிறம், குச்சி குச்சியாகக் கொம்புகள். எல்லோரும் பச்சையாகவே வரைகிற தேயிலையை நான் ஒருவன் பழுப்பாக வரைகிறேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாஸ்டர்கூட என் கொம்புகளைப் பாராட்டினார். அவர் பாராட்டுவது லேசில் நடக்காது.

பெண்கள் கொழுந்துக் கூடையோடு போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார்கள். வாரங்கள் போயின. எதிரே நிஜ மலையில் கொம்பெல்லாம் துளிர்த்து, மெல்ல மெல்லப் பச்சை ஏறி வந்தது. சுவரில் என் மலை மட்டும் அப்படியே நின்றது. ஒரு சனிக்கிழமை பாக்கியம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். அந்தக் கணக்கில் கொழுந்தெடுக்கிற பெண்கள் அவர் சொல்லைத் தட்டமாட்டார்கள். அவருக்குப் பிடிக்காதது அங்கே யாருக்கும் பிடிக்காது. வெட்டின மலையைப் பார்த்தாலே அவர்களுக்கு ஆகாதாம். மொட்டை மலை என்றால் அங்கே கொழுந்து இல்லை, தூரத்து மலைக்கு ஏறிப் போகவேண்டும். கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வருகிற இடத்திலும் அதையா பார்ப்பது என்று கேட்டார். நியாயம்தான், ஆனால் என் கொம்புகளை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. கலையில் உண்மை வேண்டாமா என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உண்மை இருக்கட்டும் தம்பி. நெச மலைக்கே முடி மொளைச்சிருச்சு, ஒங்க மலைக்கு மட்டும் ஏன் இன்னும் மொளைக்க மாட்டேங்குது?"

அன்றைக்கே பச்சை டின்னைத் திறந்தேன்.

சிறகு கேட்டவர்

எல்ல என்கிற ஊர்ப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் கூட்டம். அவர்களில் சிலர் வழி தப்பியோ வழிகாட்டியின் தயவிலோ நமுனுகுலவுக்கும் வருவதுண்டு. ஒருநாள் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இறங்கி, படத்தை விட்டுவிட்டு, வர்ணம் சிந்திச் சிந்திக் கடினப்பட்டுப் போன, நான் மாட்டியிருந்த களிசானைப் பல கோணங்களில் போட்டோ எடுத்தார். அதுவரை என் வேலையில் வெளிநாடு போனது அந்தக் களிசான் ஒன்றுதான்.

கூட வந்த வழிகாட்டிப் பையன் எங்களுக்கு உபகாரம் செய்கிற நினைப்பில் ஒரு யோசனை சொன்னான். இந்த மலை, மூட்டம் எல்லாம் சரி, நடுவில் பெரிதாக இரண்டு சிறகு வரைந்து விடுங்கள், நடுவில் நின்று படமெடுத்துப் போனில் போடுவார்கள், பிறகு தினமும் வேன் வரும் என்றான். எனக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. வேன் வந்தால் படம் நிலைக்கும் அல்லவா? மாஸ்டர் ஏணியிலிருந்து இறங்காமலே, நூலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "சிறகு வேணுமெண்டால் எல்லவுக்குப் போகச் சொல்லும் தம்பி. இஞ்ச எல்லாரும் நடந்துதான் வாறவை."

கதவுகள்

லயத்தை வரைவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சு ஓடியது. நீளமான தகரக் கூரை படத்தைக் குறுக்கே வெட்டும் என்பது மாஸ்டர் கட்சி. லயம் இல்லாமல் தோட்டமா என்பது என் கட்சி. நிலூகா யாரையும் கேட்காமல் சின்னதாக ஒரு கோடு இழுத்து, அதில் கதவுகளைப் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டார். அவ்வளவுதான். அதுவரை தள்ளி நின்று பார்த்த சனம் சுவரில் மூக்கு படுகிற அளவுக்கு வந்து நின்றது. இது எங்க காம்பரா, அது உங்க காம்பரா என்று அறை அறையாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பிறகு எனக்கு ஓய்வே இல்லை. எங்கள் கதவு நீலம் என்று ஒருவர், எங்கள் வாசல் திண்ணை இஸ்தோப்பில் ஒரு சேவல் நிற்கும் என்று ஒருவர், கதவு பழசுதான் ஆனால் இந்த வருஷம் சிவப்பு அடிக்கப் போகிறோம், நீங்கள் இப்போதே சிவப்பாக அடித்துவிடுங்கள் என்று ஒருவர். எல்லோரும் கேட்டபடி அடித்தேன். அவரவர் போனில் படம் எடுத்து, கொழும்பில் கடையில் நிற்கிற மகனுக்கும் வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கும் அனுப்பினார்கள்.

சிக்கல் பாக்கியம் அக்காவிடமிருந்துதான் வந்தது. லயத்தின் ஒரு ஓரத்தில் மாஸ்டர் ஒரு பெரிய மரம் வரைந்திருந்தார். நிஜத்தில் அந்த இடத்தில் மரம் கிடையாது. படத்தின் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, பாரம் வேண்டும் என்று அவர் நட்ட மரம். இலை இலையாக, கிளை கிளையாக, எத்தனையோ சனி ஞாயிறுகளை அதற்குக் கொடுத்திருந்தார். சுவரிலேயே அழகானது அதுதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மரத்துக்குப் பின்னால்தான் பாக்கியம் அக்காவுடைய காம்பரா மறைந்து போயிருந்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற அவருடைய மகள், போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அம்மா, நம்ம வீடு எங்கே என்று கேட்டிருக்கிறாள். அக்கா மாஸ்டரிடம் மரத்தை எடுத்துவிடச் சொன்னார். மாஸ்டர் முடியாது என்றார். மரத்தை எடுத்தால் படம் சாய்ந்துவிடும் என்று கையைச் சாய்த்துக் காட்டி விளக்கினார். அக்கா அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் வந்து நின்ற தலைவரைத் திரும்பிப் பார்த்தார். "எல்லார் காம்பராவுலயும் கதவு இருக்கு. எங்க காம்பராவுல மட்டும் மரம் மொளைச்சிருக்கு. இந்தச் செவுத்துக்குச் சுண்ணாம்புதான் தலைவரே சரி" என்றார்.

மூட்டம் இறங்கிய நாள்

அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. பாக்கியம் அக்கா சுண்ணாம்பு என்றால் பெண்கள் எல்லோரும் சுண்ணாம்புதான். மாஸ்டரிடம் மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகம் மாறிவிடும். மரத்தை இழந்தால் அவருக்குப் படமே இல்லை, மரம் இருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் படம் இல்லை. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது தோட்டமே மூட்டத்துக்குள் இருந்தது. ஏணியின் அடிக்கட்டையில் நின்றால் உச்சிக்கட்டை தெரியவில்லை. பூசின வர்ணம் காயாமல் வடிந்தது. நிலூகா சுவரைப் பார்த்தார், சுவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார், இரண்டும் ஒன்றுபோல் வெள்ளையாக இருந்தது. அண்ணா, இன்னைக்கு நம்ம வேலை முடிஞ்ச மாதிரிதான் இருக்கு என்று சிரித்தார். மண்டப வாசலில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் கழுத்துத் துணியைக் காது வரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றிப் பேசினார். அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து பாக்கியம் அக்கா வந்தார். ஒரு கையில் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி, மறு கையில் ரொட்டியும் சம்பலும். நாங்கள் மூன்று பேரும் திகைத்துப் போய் எழுந்தோம். மாஸ்டர் வாங்கத் தயங்கினார். அக்கா கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "கோவம் ஒங்க மரத்து மேல மாஸ்டர். தேத்தண்ணி ஒங்களுக்கு."

மரத்துக்குப் பின்னால்

அந்தத் தேத்தண்ணிதான் மாஸ்டரை அசைத்தது என்று நான் நினைக்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க நானே போகிறேன் என்று எழுந்து அக்காவின் காம்பராவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று அவர் வெகுநேரம் வீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரைத் தகரத்தின் இடுக்கிலிருந்து அடுப்புப் புகை வெளியே வந்து மூட்டத்தோடு கலந்துகொண்டிருந்தது. உங்கட வீட்டில அடுப்பு எப்ப பத்தும் என்று கேட்டார். காலையில் பெரட்டுக்கு முன்னால், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் போவதற்கு முன்னால் பற்றவைப்பேன், அந்த லயத்திலேயே என் அடுப்புதான் முதல் என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

எங்கள் படமும் காலை நேரம்தான், மூட்டம் அப்போதுதான் தவழும். மாஸ்டர் மூட்டம் விலகக் காத்திருந்து, ஏணியில் ஏறினார். மரத்தில் ஒரு இலையையும் தொடவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து, உச்சிக் கிளைகளுக்கு மேலே, மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு புகையை எழுப்பினார். லயம் முழுக்க வேறு எந்த வீட்டிலும் புகை இல்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் ஆள் எழும்பி அடுப்பு மூட்டியாகிவிட்டது என்று ரோட்டில் போகிற யாருக்கும் தெரியும். அவர் நூல் பிடிக்காமல் வரைந்து நான் பார்த்தது அந்தப் புகையைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வர்ணம் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அக்கா அன்றைக்கு வந்து பார்த்தார். போனை எடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வாரம் கொழுந்துக் கூடையோடு போகிற வழியில் நின்று, மாஸ்டரைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மகளுக்கு அனுப்பினேன். 'என்னம்மா, இன்னைக்கும் வெள்ளனயே அடுப்பப் பத்த வச்சிட்டியா'ன்னு கேக்குறா."

சுண்ணாம்பு வாளி

காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம் தலைவர் எங்களை வரச்சொல்லியிருந்தார். போனோம். மண்டபத்தின் மற்ற மூன்று பக்கமும் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் சுவர் மட்டும் பாக்கி. சுண்ணாம்பு அடிக்கிற வசந்தன் வாளியைக் கலக்கிக்கொண்டு தயாராக நின்றான். மாஸ்டர் குடையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுச் சனமெல்லாம் வந்து கூடியது. படம் இருக்கட்டுமா, அடித்துவிடலாமா என்று தலைவர் பொதுவாகக் கேட்டார். நல்லாயிருக்கு என்று ஒருவராவது சொல்வார் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நீலக் கதவுக்காரர் நீலம் கொஞ்சம் தூக்கல் என்றார். சேவல் நிஜத்தில் இதைவிடப் பெரிசு என்றார் இன்னொருவர். கோயிலுக்கு ஏறுகிற படி இவ்வளவு லேசாகவா இருக்கும், ஏறினால் முழங்கால் கழன்றுவிடுமே என்றார் ஒரு பெரியவர். குறை வந்துகொண்டே இருந்தது. தலைவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு வசந்தனைப் பார்த்துக் கையைக் காட்டினார். வசந்தன் ஏணியை மரத்துப் பக்கம் சாத்தி, பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் தோய்த்தான். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மகளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை ஓடியது.

பாக்கியம் அக்கா கூடையை இறக்காமலே பேசினார். மரத்துக்குப் பின்னால் அடுப்பு எரிகிறது, எரிகிற அடுப்பில் யாராவது தண்ணீரை ஊற்றுவார்களா, அந்தப் பக்கம் போய் அடி என்றார். வசந்தன் ஏணியைத் தூக்கி நீலக் கதவுக்கு மேலே வைத்தான். நீலம் தூக்கல் என்று சொன்னவர், என் வீட்டுக் கதவை விட்டுவிட்டு அடிப்பா என்றார். ஏணி நகர்ந்தது. சேவல்காரர் சேவலைக் காட்டித் தள்ளிப் போகச் சொன்னார். இன்னும் சிவப்பே அடிக்காத சிவப்புக் கதவுக்காரர் அடுத்தவர். தேயிலைப் பக்கம் போனால் பெண்கள், முடி முளைத்த மலையை மறுபடி மொட்டை அடிக்கவா என்று சத்தம் போட்டார்கள். கோயில் படியில் அம்மன் மேலேயே அடிப்பாயா என்று பெரியவர் தடியை ஊன்றினார். அவரவர் கேட்டது அவரவர் துண்டைத்தான். முழுப் படத்துக்காக ஒருவரும் பேசவில்லை. வசந்தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு சுவரின் நீளத்துக்கும் நடந்தான். சுண்ணாம்பு அவன் முழங்கை வழியே வடிந்தது.

கடைசியில் ஏணி போய் நின்ற இடம், எங்கள் மூன்று மலையும் முட்டிக்கொண்டதை மறைக்க நிலூகா இறக்கிவிட்ட மூட்டம். அங்கே யாருக்கும் வீடு இல்லை, யாரும் வாய் திறக்கவில்லை. வசந்தன் தலைவரைப் பார்த்தான். தலைவர் மூட்டத்துக்குக் கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "மிச்சம் இருக்கிறது மூட்டம்தான். அது ஏற்கெனவே வெள்ளையாத்தான இருக்கு, ஏணிய எடு" என்றார்.

இப்போது ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் மேல்கணக்கிலிருந்து எனக்கு ஆள் வருகிறது, கதவுக்கு வேறு நிறம் அடித்துவிட்டோம், சுவரிலும் மாற்றிவிட்டுப் போங்கள் என்று. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இதுவரை ஒருவர்கூட அந்தப் படம் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை, அதனால் அது இன்னும் நெடுங்காலம் இருக்கும் என்று நம்புகிறேன்.